காட்டோரப் புல்லில் பியன் ஹேரான்

பியன் ஹேரான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதுகலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. வழிகாட்டிப் பேராசிரியர் தாக்குக்கு முப்பத்தொன்பது. முதல் நாள் இருவரும் குனிந்து வணக்கம் சொன்னதில் யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனது. நான் அப்போது முனைவர் பட்டத்தில் மூன்றாம் வருடம். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் ஆறு பேர். அவர் ஒரே வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டார். பேராசிரியர் மட்டும் கடைசிவரை "ஹேரான் மேடம்" என்றார்.

எங்கள் படிப்பு தொற்றுநோய்களின் சூழலியல். நோயாளியின் கட்டிலிலிருந்து பின்னோக்கி நடக்கிற படிப்பு என்று சொல்லலாம். ஒரு கிருமி மனிதனிடம் வருவதற்கு முன் எந்த விலங்கில் இருந்தது, எந்தப் பூச்சி அதைச் சுமந்தது, எந்தப் புல்லில், எந்த மாதத்தில், எத்தனை. பெரும்பாலும் கால்நடை மருத்துவமோ உயிரியலோ முடித்த கையோடு வருகிற இருபத்து நாலு வயதுக்காரர்கள்தான் இதில் சேர்வார்கள். ஹேரான் அக்கா பதினேழு வருடம் சோல்மே பள்ளத்தாக்கின் சுகாதார நிலையத்தில் தனி ஆளாக வேலை பார்த்த நர்ஸ். எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் சுன்சோனிலிருந்து பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே டாக்டர் கிடையாது. காய்ச்சல், முதுகுவலி, சர்க்கரை, குடித்துவிட்டு விழுந்தவன், தேனீ கொட்டியவள் எல்லாம் அவரிடம்தான் வரும். ஊர் அவரை நர்ஸம்மா என்றது.

ஏன் படிக்க வந்தார் என்பதைச் சேர்க்கை நேர்காணலில் அவர் ஒரு வரியில் சொன்னார். "உண்ணிக் காய்ச்சலைப் பத்திச் சரியாத் தெரிஞ்சுக்கணும் சார்." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. முழு விஷயத்தை எனக்கு அவர் சொன்னது பல மாதம் கழித்து, காட்டில் இருவரும் உண்ணி பிடிக்கத் துணி இழுத்துக்கொண்டிருந்தபோது.

அது 2015 ஜூன் மாதம். சியோல் ஆஸ்பத்திரிகளில் பரவிய மெர்ஸ் தொற்றுக்காய்ச்சலின் பயத்தில் நாடே இருந்தது. காய்ச்சல் என்று யார் வந்தாலும் முகமூடி போட்டுக்கொண்டு முதலில் கேட்கவேண்டிய கேள்வி, சியோல் ஆஸ்பத்திரி எதற்காவது போனீர்களா என்பதுதான். மேலிடத்திலிருந்து தினமும் ஃபேக்ஸ் வந்தது. மேங் போக்சுன் என்ற அறுபத்தெட்டு வயதுப் பெண், மிளகாய்த் தோட்டக்காரி, புருஷனோடு வந்தாள். காய்ச்சல், உடம்புவலி, சாப்பாடு இறங்கவில்லை. ஹேரான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். போக்சுன் சிரித்தாளாம். "சியோலா? நான் டவுனுக்கே போய் ரெண்டு மாசம் ஆச்சு." ஹேரான் அக்காவுக்கு நிம்மதி. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார். உண்ணி கடித்தால் வரும் காய்ச்சலைப் பற்றிய அரசு சுவரொட்டி அந்த அறையிலேயே ஒட்டியிருந்தது.

நான்கு நாள் கழித்து போக்சுன் மறுபடி வந்தபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தன. பேச்சு குழறியது. அன்றே ஆம்புலன்ஸில் அனுப்பினார். பிளேட்லெட் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் இறந்துபோனாள். ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலின் வைரஸ் இருந்தது.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நான்கு நாள் முன்னால் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். பிழைத்திருக்கமாட்டாள் என்றும் சொல்லமாட்டார். மறு வருடம் மார்ச்சில் ஹேரான் அக்கா படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அவருடைய கணவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுபவர். "நீ பட்டம் வாங்கற அன்னிக்கே ரிட்டயர்மென்ட் விழாவையும் வச்சிடலாம், ஒரே மாலை போதும்" என்றாராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சமைத்து எடுத்துக்கொண்டு சுன்சோன் வந்துவிடுவார்.

புள்ளியியல் அக்காவைப் பாடாய்ப் படுத்தியது. நான் சொல்லிக்கொடுத்தால் தலையை ஆட்டுவார். பிறகு, "தங்கச்சி, நீ சொல்றது புரியுது. ஆனா நீ எழுந்து போனதும் அதுவும் கூடவே எழுந்து போயிடுது" என்பார். காட்டு வேலையில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு மீட்டர் அகல வெள்ளை ஃபிளானல் துணியைக் கம்பில் கட்டிப் புல்லின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு நடப்பதுதான் எங்கள் முறை. ஏதோ விலங்கு உரசிப் போகிறது என்று நினைத்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். பத்து அடிக்கு ஒரு முறை நின்று, துணியைத் திருப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போடவேண்டும். பேன்ட் காலை சாக்ஸுக்குள் செருகி, மேலே டேப் சுற்றி, ஜூலை வெயிலில் ஆறு மணி நேரம். சின்னப் பையன்களெல்லாம் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார்கள். அக்கா எல்லாம் முடித்து, குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

அவருடைய ஆய்வு எளிமையானது. எங்கள் மாவட்டத்து மூன்று பள்ளத்தாக்குகளில் நான்கு வருடத்தில் பதினான்கு பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுக்கு உண்ணி எங்கே கடித்திருக்கும்? மலையில்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். வசந்தத்தில் மலைக்கீரை பறிக்கப் போகிறார்கள், இலையுதிர் காலத்தில் முன்னோர் கல்லறைகளின் புல் வெட்டப் போகிறார்கள். பேராசிரியர் தயாரித்த முப்பத்தொரு கேள்விகளும் மலையைச் சுற்றியே இருந்தன. ஆனால் மே, ஜூன் முழுக்க மலைப்பாதைகளில் இழுத்த துணியில் நூறு மீட்டருக்கு மூன்று, நான்கு உண்ணிதான் வந்தது. பிழைத்தவர்களில் பாதிப் பேர், நாங்கள் மலைக்கே போகவில்லை என்றார்கள். பேராசிரியர், அவர்களுக்கு மறந்திருக்கும் என்றார்.

அந்த ஜூலையில் ஒருநாள் நானும் அக்காவும் சோல்மேயில் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குப் போனோம். களை பறித்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து, அவித்த சோளமும் உருளைக்கிழங்கு அடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓக்னாம் என்பவள் போன வருடம் இந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவள், எழுபத்தொரு வயது.

"ஓக்னாம் அக்கா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி மலைக்குப் போனீங்களா?"

"இதையே எத்தனை தடவை கேப்ப, நர்ஸம்மா? என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நான் மலை ஏறினா, இறக்கிக்கிட்டு வர நாலு ஆளு வேணும்."

"புல்லுல உக்காந்தீங்களா?"

"அப்ப இதை எதுக்குக் கட்டியிருக்கேன்? அழகுக்கா?" ஓக்னாம் ஒருக்களித்துத் திரும்பி, இடுப்பில் பட்டையால் கட்டியிருந்த வட்டமான நுரை மெத்தையைத் தட்டிக் காட்டினாள். எங்கள் பக்கம் களை பறிக்கிற எல்லாப் பெண்களின் பின்னாலும் அது தொங்கும். உட்காரும்போது கூடவே கீழே வந்துவிடும்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹேரான் அக்கா கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி. ஒண்ணுக்கு வந்தா எங்க போவீங்க?"

சிரிப்பு நின்றது. பிறகு இரண்டு மடங்காகக் கிளம்பியது.

"அடிப் பாவி! யுனிவர்சிட்டில இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"சொல்லித் தரல. அதனாலதான் கேக்கறேன்."

"இந்தா, இந்தப் பொண்ணு அதை எழுத வேற செய்யுது பாருடி."

"எழுதட்டும். எங்க போவீங்க?"

ஓக்னாம் சாப்ஸ்டிக்கால் தோட்டத்தின் மேல்கோடியைக் காட்டினாள். கடைசி வரிசை மிளகாய்க்கும் முதல் மரத்துக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலத்துக்கு இடுப்பளவு புல். யாருக்கும் சொந்தமில்லாத துண்டு. "வீட்டுக்குப் போய்ட்டு வர அரை மணி ஆகும். ஆம்பளைங்களுக்கு என்ன, நின்ன இடத்துலயே திரும்பிக்குவானுங்க. எங்களுக்கு மறைவு வேணாமா?"

"அப்ப இந்த மெத்தை?"

"அதைக் கட்டிக்கிட்டே எப்படிடி போறது, படிச்சவளே? அவுத்துப் புல்லுல போடறது. முடிஞ்சதும் எடுத்து மறுபடி கட்டிக்கறது."

அக்கா எழுந்து அந்தப் புல்லுக்குப் போனார். உள்ளே அங்கங்கே புல் முட்டை வடிவத்தில் நசுங்கிக் கிடந்தது. பகலில் நீர்மான் படுக்கிற இடங்கள். மிளகாய்ச் செடியின் நுனியைக் கடிக்க வரும் மான்கள் மலைக்குத் திரும்பாமல் அங்கேயே ஒதுங்கிவிடும், அவற்றின் மேலிருக்கும் உண்ணியும் அங்கேயே உதிரும். அக்கா துணியை இழுத்தார். முதல் பத்து அடியில் துணியைத் திருப்பியபோதே எள் சிதறியதுபோல் ஏழெட்டு ஒட்டியிருந்தன. நூறு மீட்டர் கணக்கில் அறுபத்தொரு உண்ணி. இடுக்கியால் எடுத்து எடுத்து எனக்குக் கை வலித்தது.

பேராசிரியரிடம் நாங்கள் இதைச் சொன்னபோது அவர் கேள்வித்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கேள்வித்தாளைத் தயாரிச்சது நான்."

"தெரியும் சார்."

"மூணு பேர்கிட்ட காட்டித் திருத்தினேன். முப்பத்தொரு கேள்வி."

"மூணு பேரும் ஆம்பளைங்களா சார்?"

"ஆமாம்."

"முப்பத்திரண்டாக்கிடலாம் சார். ஆனா இந்த ஒண்ணை நான் கேக்கறேன். பசங்க கேட்டா அடி விழும்."

அதன் பிறகு ஒன்றரை வருடம் இதுதான் வேலை. பதினெட்டுத் தோட்டங்களின் காட்டோரப் புல்லில் மாதம் இரு முறை துணி இழுத்தோம். நோய் வந்தவர்களிடமும், வராத அக்கம்பக்கத்துக்காரர்களிடமும் அதே கேள்விகள். நோய் வந்த பெண்களில் பெரும்பாலோர் அந்தப் புல்லுக்குப் போனவர்கள். ஆனால் நோய் வராத பெண்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் போனவர்கள்தான். வித்தியாசம் இருந்தது. பதினான்கு நோயாளிகளை வைத்துக்கொண்டு அதைக் கூரைமேல் ஏறிக் கத்த முடியாது. எடுத்த நாலாயிரத்துச் சொச்சம் உண்ணிகளைச் சிறு சிறு கூட்டமாக அரைத்துச் சோதித்ததில் ஒன்பது கூட்டங்களில் கிருமி இருந்தது. அதில் ஏழு காட்டோரப் புல்லிலிருந்து வந்தவை.

இறந்தவர்களின் வீட்டுக்கும் போகவேண்டியிருந்தது. நான்கு வீடுகளில் பேசினார்கள். போக்சுனின் கணவர் உம் கிசோப் மட்டும் பேசவில்லை. ஹேரான் அக்கா ஐந்து முறை போனார். ஒவ்வொரு முறையும் நாய் குரைக்கும், கிழவர் எட்டிப் பார்ப்பார், சோளக் கொட்டகைக்குள் போய்விடுவார். வேறு யாரையாவது அனுப்பலாமே என்று நான் கேட்டேன். "வேற ஆள் போனா அவருக்குச் சுலபமா இருக்கும். அது நியாயமில்ல" என்றார். அது என்ன நியாயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

2017 ஏப்ரலில், ஆறாவது முறை, கிசோப் கதவருகிலேயே நின்றார். நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன்.

"நீ கேக்க வந்தது எனக்காகவா, உனக்காகவா?"

"ரெண்டுக்கும்தாங்க ஐயா."

"உக்காரு."

தரையில் உட்கார்ந்தோம். முப்பத்திரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார். மே மாதக் கடைசியில் போக்சுன் மலைக்குப் போனாள். ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் மிளகாய்த் தோட்டம். முப்பத்திரண்டாவது கேள்வியைக் கேட்டபோது அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எல்லாப் பொம்பளைங்களும் போற இடம்தான். அவ மட்டும் வேற எங்க போவா?" என்றார். பிறகு அவர் கேட்டார்.

"மலைக்கு அவளாப் போகல. நான்தான் அனுப்பினேன். அந்த வருஷம் ஒரு தடவைகூட மலைக்கீரை திங்கலையேன்னு சொன்னேன். எனக்கு இடுப்பு வலி, அவ போனா. இப்ப நீ சொல்லு. மலையிலயா? தோட்டத்துலயா?"

இந்த இடத்தில் ஒரு நர்ஸ் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில்தான் ஐயா, எங்கள் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். பாதி உண்மையும்கூட. ஹேரான் அக்கா அப்படிச் சொல்லவில்லை.

"தெரியாதுங்க. மலையில உண்ணி குறைவு, அந்தப் புல்லுல ஜாஸ்தி. அதனால புல்லா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா அவங்களைக் கடிச்சது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது."

"ஒரு வருஷம் படிச்சு இதைத்தான் சொல்ல வந்தியா?"

"ஆமாங்க." பிறகு, குரல் மாறாமல், "இன்னொண்ணும் இருக்குங்க. முதல் தடவை வந்தப்பவே நான் ரத்தம் பார்க்க அனுப்பியிருக்கணும். அனுப்பல. நாலு நாள் என்னாலதான் போச்சு. அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா அனுப்பியிருக்கணும்."

கிழவர் வெளியே நாயைப் பார்த்தார். "அன்னிக்கு நானும்தான் அங்க நின்னேன். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "நீயா வந்து சொல்லுவியான்னுதான் பாத்தேன். அஞ்சு தடவை வந்த, ஃபைலைத் தூக்கிக்கிட்டு."

அக்கா ஃபைலை மூடிக் கீழே வைத்தார்.

"புஸ்தகத்துல அவ பேரைப் போடுவியா?"

"பேர் போட மாட்டோம். நம்பர்தான்."

"என்ன நம்பர்?"

"ஏழு."

அவர் அதைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். டீ கொடுக்கவில்லை. நாங்கள் கிளம்பியபோது வாசல்வரை வந்தார். அதன் பிறகு அவர் மலைக்கீரை சாப்பிட்டாரா, ஹேரான் அக்காவை மன்னித்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தால் அவரிடமே போனார் என்பது மட்டும் தெரியும்.

டிசம்பரில் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. மூன்று தேர்வாளர்கள். ஒருவர் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வயதான தொற்றுநோய் நிபுணர், அட்டவணைகளை விரலால் தடவித் தடவிப் படிப்பவர். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை எத்தனை நாள் ஆனது என்ற அட்டவணையில் அவர் விரல் நின்றது.

"நோயாளி ஏழு. முதல் நிலைச் சுகாதாரப் பணியாளரிடம் வந்து நான்கு நாள் தாமதம். மற்ற இடங்களில் ஒரு நாள், இரண்டு நாள். இங்கே என்ன நடந்தது? அந்தப் பணியாளரிடம் பேசினீர்களா?"

"அந்தப் பணியாளர் நான்தான் சார்."

பேராசிரியர் தாக் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் அது புதிது. ஹேரான் அக்கா மெர்ஸ் சமயத்தைச் சொன்னார், தான் கேட்ட ஒரே கேள்வியைச் சொன்னார், சுவரில் இருந்த சுவரொட்டியையும் சொன்னார். அழவில்லை. ஒரு கேஸ் ஷீட்டை வாசிப்பதுபோலச் சொன்னார்.

"உங்களுக்கு நேரடித் தொடர்பு இருந்த நோயாளியை ஆய்விலிருந்து விலக்கியிருக்கலாமே?" என்றார் தேர்வாளர்.

"விலக்கினா சராசரி அழகா வந்திருக்கும் சார்."

அவர் சிரிக்கவில்லை. விலக்க வேண்டாம், ஆனால் ஆய்வாளருக்கும் இந்த நோயாளிக்கும் இருந்த தொடர்பை முறைகள் பற்றிய அத்தியாயத்தில் எழுதியே ஆகவேண்டும், எழுதாமல் விட்டது பிழை என்றார். மற்றபடி தேர்ச்சி. வெளியே வந்ததும் பேராசிரியர் அவரிடம் கோபப்பட்டார். நான் பார்த்து அவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம்." "ஆமா சார், சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. வாதாடவில்லை. அன்று இரண்டு பத்திகள் எழுதிச் சேர்த்தார்.

2018 மார்ச்சில் சோல்மேக்குத் திரும்பினார். பேராசிரியர் முனைவர் பட்டத்துக்குக் கூப்பிட்டார். "புள்ளியியல் மறுபடி உண்டா சார்?" என்று கேட்டார். உண்டு என்றதும், "அப்ப நன்றி சார்" என்றுவிட்டார்.

அவருடைய பரிந்துரைப்படி மாவட்ட நிர்வாகம் நான்கு தோட்டங்களின் ஓரம் தற்காலிகக் கழிப்பறை வைத்தது. இரண்டைப் பெண்கள் பயன்படுத்தினார்கள். மற்ற இரண்டும் வெயிலில் கொதித்ததால் உரமூட்டை அடுக்கும் அறைகளாயின. காட்டோரப் புல்லை வெட்டினால் உண்ணி குறையும் என்றும் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். ஊரார் ஒன்பது தோட்டங்களில் வெட்டினார்கள். அக்கா தாமாகவே துணி இழுத்து எண்ணினார். ஜூலைவரை குறைந்தது. ஆகஸ்டில் புல் மறுபடி வளர்ந்ததும் வெட்டாத இடத்துக்கும் வெட்டிய இடத்துக்கும் வித்தியாசமே இல்லை. "ஒரு தடவை வெட்டினா போதும்னு எழுதினது தப்பு" என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஆய்விதழுக்கு எழுதிய கட்டுரையில் அதுவும் சேர்ந்தது.

திரும்பிய முதல் இரண்டு வருடத்தில் காய்ச்சலோடு வந்த இருபத்துமூன்று பேரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். டவுன் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்காரன் போனில், "நர்ஸம்மா, உங்க ஊர்ல யாருக்கும் சாதாரணக் காய்ச்சலே வர்றதில்லையா?" என்று கிண்டல் செய்வானாம். இருபத்திரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தது. ஊர்த் தலைவர் பாங், ஜின்செங் மூலிகை பயிரிடுபவர். அரைநாள் வேலை கெட்டுப்போகும் என்று அக்காவோடு சண்டை போட்டவர். அக்கா அவர் டிராக்டர் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தன் காரில் ஏற்றிப் போயிருக்கிறார். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார். அது சீக்கிரம் போனதாலா, உடம்பு வாகினாலா என்று கேட்டால் ஹேரான் அக்கா உதட்டைப் பிதுக்குவார்.

இப்போதும் ஒவ்வொரு மே மாதமும் சோல்மேயிலிருந்து பஸ்ஸில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓர் ஐஸ் பெட்டி வரும். உள்ளே குப்பிகள், ஒவ்வொன்றிலும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய தேதி, இடம், எண்ணிக்கை. புது மாணவர்கள் மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். இதுவரை ஒரு முறைதான் தவறியிருக்கிறது, இரண்டு உண்ணி குறைவாக. போன் செய்து சொன்னபோது அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் குப்பியின் மூடியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். இரண்டும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தன.